செவலைக்குப் பத்து நாள் கெடு

அந்த நாய் மொத்தம் எத்தனை தடவை கடித்தது என்பதில் எனக்கும் என் அண்ணனுக்கும் கடைசி வரை கணக்கு ஒத்துப்போகவில்லை. அவர் கணக்கில் பதினொன்று. என் கணக்கில் பதினான்கு. விட்டுப்போன மூன்றையும் அவர், "பல்லு பட்டுச்சு, அம்புட்டுத்தான். அதெல்லாம் கடியா?" என்று தள்ளிவிட்டார். அந்த மூன்றில் ஒன்று என் இடது கெண்டைக்காலில் பட்ட பல். நான்கு புள்ளிகள். எண்பதைத் தாண்டிச் சுருங்கிப்போன இந்தத் தோலில் இப்போதும் இரண்டு தெரிகின்றன. யாரிடம் காட்டுவது? வீட்டில் என் கணக்குகளைக் கேட்க ஆளில்லை.

நான் சொல்வது அவர் நோயில் விழுவதற்கு முந்திய கணக்கு. பிந்தியதை நான் மட்டும்தான் வைத்திருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் நான் திருச்சுழியில் வாத்தியார் வேலை பார்த்தேன். அண்ணன் அருப்புக்கோட்டையில், எங்கள் பூர்வீக வீட்டில், மூன்று தறி போட்டு நெய்துகொண்டிருந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒரே மகளைக் காரியாபட்டியில் கட்டிக்கொடுத்துவிட்டதால் வீட்டில் அவரும் அண்ணியும் மட்டும். பிறகு செவலை. பந்தல்குடிப் பக்கம் ஒரு லாரிக்காரர் சாலையோரம் இறக்கிவிட்டுப் போன குட்டியை அண்ணன் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்தார். கட்டும்போதே கடித்ததாம். அதை அவரே கணக்கில் சேர்க்கவில்லை.

செவலை என்பது நாங்கள் நிறத்தைப் பார்த்துச் சொன்னது. அண்ணன் அதை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஏ சனியனே" என்பார். "ஏ மூதேவி" என்பார். எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, தெருவில் தமிழ். நாயைத் திட்டுவது வாசலில் நின்று என்பதால் அது தமிழில்தான் நடந்தது. தெரு முழுக்கக் கேட்கும்.

தெரு முழுக்கக் கேட்க வேண்டும் என்பதுதான் நோக்கமும். அதற்கு எதிர்வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விடிகாலையில் பாவு நீட்டுவது எங்கள் தெருவில்தான். நூலைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுமுன் உலர்த்தி எடுக்க வேண்டும். கட்டுவதற்குத் தெருவின் இரண்டு கோடியிலும் கல் உண்டு. மேற்குக் கோடிக் கல் எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு நேரே நின்றது. அது தன் அப்பா நட்ட கல் என்றார் அவர். தெருவுக்குப் பொது என்றார் அண்ணன். இரண்டு பேரும் எங்கள் ஜாதிதான், ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் இருந்தவர்கள்தான். அந்தக் கல்லால் எட்டு வருஷம் முகம் பார்த்துப் பேசவில்லை.

பேசவில்லையே தவிர, சொல்ல வேண்டியதை ஒரு நாளும் பாக்கி வைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் பேச்சு முறிந்தவர்கள் சாடை பேசுவார்கள். நடுவில் ஒரு கோழியோ, கன்றுக்குட்டியோ, பெற்ற பிள்ளையோ வேண்டும். அதைப் பார்த்துத் திட்டினால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இவர்களுக்குச் செவலை வாய்த்தது. கஞ்சி வாசனைக்கு ஆடுகள் வந்து பாவை நக்காமலிருக்க அது பாவுக்கு அடியிலேயே படுத்திருக்கும். தெருவுக்கு நட்டநடுவில், இரண்டு வாசலுக்கும் சம தூரத்தில்.

எதிர்வீட்டுக்காரர் முதலில் வெளியே வருவார்.

"ஏ மூதேவி! ஊரான் கல்லுல பாவைக் கட்டிப் பொழைக்கிற வீட்டுச் சோத்தைத் திங்கிற. உனக்கு ரோசம் எங்கிட்டு இருந்து வரும்?"

அண்ணன் கஞ்சிப் பானையை இறக்கி வைப்பார்.

"ஏ சனியனே! இங்கிட்டு வந்து படு. அந்தப் பக்கம் காத்துப் பட்டாலே கஞ்சத்தனம் ஒட்டிக்கிரும்."

"ஆமா, பெரிய தருமப்பிரபு வீட்டு நாயி. முதுகு எலும்பை எண்ணிப் பாத்தா தெரியுதுல்ல வீட்டு லெச்சணம்!"

"எண்ணத் தெரியுமா உனக்கு? மூணாம் வாய்ப்பாட்டுல முட்டி போட்ட ஆளுகளோட சேராத!"

செவலை ஒவ்வொரு குரலுக்கும் அந்தந்தப் பக்கம் தலையைத் திருப்பும். வாலை ஆட்டும். எந்தக் குரல் ஓங்குகிறதோ அந்தப் பக்கம் நாலடி நகர்ந்து படுக்கும். ஆறு வருஷத்தில் அது இந்த இரண்டு பேர் மேலும், அண்ணி மேலும் மட்டும் பல் வைத்ததில்லை. அண்ணி சோற்றுத் தட்டை மூங்கில் கழியால் தள்ளிவிடுவாள். அதனால் அவளைச் சேர்ப்பது சரியில்லை. இரண்டு பேர் என்றே வைத்துக்கொள்ளலாம். அன்பாகக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் கடிபட்டார்கள். நான் உட்பட.

ஒருநாள் காலை பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் நூல்மேலேயே சாய்ந்தார். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. வாடகைக் கார் பிடித்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் திருச்சுழியிலிருந்து வீட்டுக்கு வந்து சேரும்போது பாவு அப்படியே வாசலில் காய்ந்து விறைத்துக் கிடந்தது. செவலை அதன் அடியில் கிடந்தது. ஆடுகள் கிட்டே வரவில்லை. ஆட்களும்தான். அந்தப் பாவைக் கடைசி வரை யாராலும் எடுக்க முடியவில்லை. வீணாய்ப் போயிற்று.

எஜமானுக்குச் சீக்கு வந்தால் நாய் பட்டினி கிடக்கும் என்பார்கள். இது ஒரு வேளை கூடக் கிடக்கவில்லை. தட்டை வழித்துத் தின்றது. ஆனால் தெருவில் சத்தம் நின்றுபோனது. அண்ணன் மதுரையில். எதிர்வீட்டுக்காரரும் வாயை மூடிக்கொண்டார். சீக்காளி வீட்டு வாசலைப் பார்த்துச் சாடை பேசினால் ஊர் காறித் துப்பும். விசாரிக்கவும் முடியாது. பேச்சில்லாதவன் நோயை விசாரித்தால், எப்போது போவான் என்று பார்க்க வந்தான் என்று பேர் வரும். அவர் வாசல்படியில் நின்று பல் குச்சியைக் கடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பார். உள்ளே போய்விடுவார். செவலை அவர் கதவையும் எங்கள் கதவையும் மாறி மாறிப் பார்க்கும். பிறகு, அந்த வழியில் யார் வந்தாலும் எழுந்து நிற்கும்.

முதலில் அகப்பட்டவர் அண்ணன் மகளின் மாமனார், எங்கள் சம்பந்தி. காரியாபட்டியிலிருந்து ஆரஞ்சுப் பழத்தோடு விசாரிக்க வந்தவர். பதினைந்து.

நாய்க்கடிக்கு அப்போது நடைமுறை இதுதான். கடித்த நாய் பத்து நாள் உயிரோடு நல்லபடியாக நடமாடினால் பயமில்லை. அதற்குள் செத்தாலும், காணாமல் போனாலும், தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைக் கேட்டு சம்பந்திக்கு வியர்த்துவிட்டது.

அண்ணி அன்றைக்கே சொல்லிவிட்டாள். "தம்பி, என்னால ஆகாது. மதுரைக்கும் இங்கிட்டும் அலையவே தெம்பு இல்ல. இந்தச் சனியனையும் கட்டி மாரடிக்கணுமா? எவன்கிட்டயாவது சொல்லி ஒரு வழி பண்ணுங்க."

ஒரு வழி என்றால் என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். சாக்குப் பையும் மருந்து வைத்த கறியுமாக டவுனில் ஒரு ஆள் உண்டு. ஆனால் சம்பந்தி கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, பத்து நாளு. பத்தே பத்து நாளு அதுக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கம்மா."

ஊருக்குப் போய் ஒன்றுவிட்டு ஒருநாள் கார்டு போட்டார். ‘நாய் சௌக்கியமா? தீனி எடுக்கிறதா?’ என்று முதல் வரி. அண்ணனைப் பற்றி நாலாவது வரி. எட்டாம் நாள் வந்த கார்டைக் கொடுக்க வாசலுக்கு வந்த தபால்காரரைச் செவலை கடித்தது. பதினாறு. சம்பந்திக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி இருக்கும்போதே தபால்காரருக்குப் புதிதாகப் பத்து நாள் தொடங்கிற்று. தபால்காரர் பெண்டாட்டி தினம் காலையில் தெருமுனையில் நின்று செவலை எழுந்து நடக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். ஒருநாள் அது வெயிலுக்கு அசையாமல் கிடந்ததைப் பார்த்து அங்கேயே ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டாள். நான் தண்ணீரை வீசி எழுப்பிக் காட்ட வேண்டியதாயிற்று. அந்த வருஷத்துத் தற்செயல் விடுப்பில் அண்ணனுக்குப் போனதைவிட நாய்க்குப் போனது இரண்டு நாள் அதிகம்.

தபால்காரரின் ஒன்பதாம் நாள் அண்ணனை மதுரையிலிருந்து கூட்டிவந்தோம். இதற்கு மேல் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். காரிலிருந்து இறக்கி, நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கினார்கள். செவலை வாசலுக்குக் குறுக்கே நின்றது. பல்லைக் காட்டிற்று. தூக்கியவர்கள் நடுத்தெருவில் நின்றுவிட்டார்கள்.

நான் முன்னால் போனேன். பள்ளிக்கூடத்தில் கூட ஒரு பையனை அதட்டத் தெரியாத வாத்தியார் நான். குனிந்து, "வாப்பா. வா. நல்ல பிள்ளையில்ல?" என்றேன். கடித்தது. பதினேழு. இந்தத் தடவை வலது கால்.

நாற்காலியில் இருந்த அண்ணன் அதைப் பார்த்தார். அவருக்கு வழக்கமாக வரும் கோபம் முகத்தின் இடது பாதியில் மட்டும் ஏறியது. திட்டுவதற்கு வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "ஆ... ஆ..." என்று காற்று மட்டும் வந்தது. செவலை தலையைச் சாய்த்துப் பார்த்தது. அதற்கு ஆள் தெரியவில்லை. அவரைப் பார்த்தும் குரைத்தது. அண்ணன் இன்னொரு தடவை முயன்றார். பிறகு வாயை மூடி, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். காரோட்டி துண்டை உதறி நாயை விரட்டிய பிறகுதான் அவரை உள்ளே கொண்டுபோனோம். எதிர்வீட்டுக்காரர் தன் படியில் நின்று அவ்வளவையும் பார்த்தார். வாயில் குச்சி அப்படியே இருந்தது.

கட்டிலை வாசல் தெரிகிற மாதிரி போடச் சொல்லி அண்ணன் இடது கையைக் காட்டினார். போட்டோம். செவலை தெருவில் கிடக்கும். அவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணி கஞ்சி ஊட்டும்போது கூட அந்தப் பக்கம்தான் கண். அதைத் தீர்த்துவிடலாமா என்று நான் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவர் இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். விட வைப்பதற்கு அண்ணி வர வேண்டியிருந்தது.

இருந்தும் நான் அந்தச் சாக்குப் பை ஆளுக்குச் சொல்லி அனுப்பினேன். வேறு என்ன செய்வது? நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் தெருமுனையிலேயே நின்று திரும்பிப் போனார்கள். வைத்தியர் வரமாட்டேன் என்றார். அண்ணி ஒற்றை ஆளாக அண்ணனைப் புரட்டிப் போட்டு இடுப்பு பிடித்துக் கிடந்தாள். ஒரு பக்கம் ஒரு நாய். மறுபக்கம் ஒரு மனுஷனைக் காப்பாற்ற வேண்டிய ஒரு மனுஷி. கூட்டிக் கழித்தால் ஒரே விடைதான் வந்தது. ஆனால் என் காலுக்கும் பத்து நாள் ஆக வேண்டுமே. எனக்காக நானே காவல் இருந்தேன். பதினோராம் நாள் காலையில் வரச் சொல்லியிருந்தேன்.

வந்தான். சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, பையை எடுத்தான். "எங்க சார் நாயி?" என்றான். நான் கையைக் காட்டினேன். உள்ளே கட்டிலில் அண்ணன் தலையைத் தூக்கப் பார்த்தார்.

அப்போது எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.

"ஏ மூதேவி! ஏ சனியம் புடிச்ச நாயே! என் காலைக் கடிச்சிட்டு, ஒண்ணுந் தெரியாத சாமியாராட்டம் எவன் வாசல்ல படுத்துக் கெடக்குற?"

ஐந்து வாரத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் விழுந்த முதல் சத்தம். செவலை துள்ளி எழுந்தது. காது இரண்டும் நிமிர்ந்தன. வாலை ஆட்டிக்கொண்டு மேற்குக் கோடிக் கல்லுக்கு ஓடி, அதனடியில் சாதுவாக உட்கார்ந்தது.

எதிர்வீட்டுக்காரர் தெருவைத் தாண்டி என்னிடம் வந்தார். எனக்கும் அவருக்கும் பேச்சு உண்டா இல்லையா என்பதே எட்டு வருஷமாக முடிவாகாமல் இருந்தது.

"வாத்தியாரே, நேத்துச் சாயந்தரம் கடிச்சிருச்சு. பத்து நாளைக்கு அது உசுரோட இருக்கணும். இல்லாட்டி எனக்குப் பதினாலு ஊசி நீங்களா போடுவீக?"

வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே ஒரு சிராய்ப்பு. நீளமாக, நேர்க்கோடாக. தறிக்கட்டையின் ஆணி கிழித்தால் அப்படி இருக்கும். நாயின் பல் எப்படி இறங்கும் என்பது இரண்டு கால்களிலும் எனக்குத் தெரியும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"பத்து நாள் கழிச்சு வாரேன்," என்று அந்த ஆள் பையைச் சுருட்டிக்கொண்டான்.

எதிர்வீட்டுக்காரர் திரும்பிப் போனார். தன் படியில் ஏறி நின்று, இன்னும் சத்தமாகக் கல் பக்கம் பார்த்துக் கத்தினார். "ஏ நாயே! உங்க வீட்டு ஆளு கஞ்சி குடிச்சானா இல்லையா? இல்ல, கடன்காரனாட்டம் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துக் கெடக்கானா?"

உள்ளே கட்டிலிலிருந்து ஒரு ஓசை வந்தது. வார்த்தை இல்லை. ஆனால் மதுரையிலிருந்து வந்த நாளாய் வராத கனத்தோடு, அடிவயிற்றிலிருந்து வந்தது. அது என்ன வசவு என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும். செவலை அந்த ஓசைக்குத் தலையைத் திருப்பி, நாலடி எங்கள் பக்கம் வந்து படுத்தது.

அண்ணி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். எட்டு வருஷம் அவளும் அந்த வீட்டோடு பேசாதவள். நாயைப் பார்த்து நின்றாள். "ஏ செவலை, அரை டம்ளர் குடிச்சாகன்னு சொல்லு. உப்பு பத்தலைன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து அந்த ஆள் வந்தபோது எதிர்வீட்டுக்காரர், "முந்தாநேத்தும் கடிச்சிருச்சு," என்றார். காலைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அடுத்த தடவை அந்த ஆள் வரவே இல்லை.

செவலை மறுபடி ஒழுங்குக்கு வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் காலையும் மாலையும் சத்தம் கேட்டதால், நடுவில் வருகிறவர்களை ஓரளவு விட்டுவிட்டது. வைத்தியர் வரும் நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து அதைத் திட்டிப் பிடித்து வைத்துக்கொள்வார். வைத்தியர் போகும் வரை திட்ட வேண்டும். நிறுத்தக் கூடாது. சில நாள் அவருக்குத் தொண்டை கட்டிப் போகும். அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அண்ணனும் அவர் பெயரைச் சொல்ல வாயில்லாமல் கிடந்தார். கல்லைப் பற்றிய பேச்சும் தீரவில்லை. அதையும் நாயிடம்தான் கேட்டார். "கல்லு எங்கப்பன் நட்டதுதான்னு இப்பவாச்சும் ஒத்துக்கிருவானா, கேட்டுச் சொல்லு!" கட்டிலிலிருந்து ஓசை வரும். இல்லை என்பதற்கு அண்ணனிடம் தனி ஓசை இருந்தது.

அப்படி ஒரு வருஷம் நாலு மாதம் ஓடியது. தேற்றம் ஒன்றும் இல்லை. அண்ணி நடை தளர்ந்து போனாள். நான் சனிக்கிழமை பஸ்ஸில் வந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய், வந்து, போய், எதற்கு வருகிறேன் என்பதே மரத்துப்போன நிலைக்கு வந்திருந்தேன். பங்குனியில் அண்ணன் இறந்தார். கெட்டதற்குச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை என்பது எங்கள் வழக்கம். எதிர்வீட்டுக்காரர் முதல் ஆளாக வந்தார். படி ஏறினார். அண்ணன் கால்மாட்டில் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சுற்றிலும் பார்த்தார். நாய் வெளியே இருந்தது. மாலையைப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு அவர் என்னைத் தேடி வந்தார். கொஞ்சம் நொண்டினார். பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே வேட்டியைத் தூக்கினார். கெண்டைக்காலில் நான்கு புள்ளிகள். இரண்டில் இன்னும் இரத்தம் கசிந்தது.

"இன்னைக்குக் காலையில வாத்தியாரே," என்றார். "எம்புட்டு நாளு நான் ஒருத்தனே கத்துறது? பதில் இல்ல, ஒண்ணும் இல்ல. போதும்னு போச்சு. சாப்பிட்டியாடான்னு மெதுவாக் கேட்டேன். தலையத் தடவிக் குடுத்தேன். கடிச்சிருச்சு."

நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு நான் சொன்னதை நீங்க கணக்குல சேக்கலைன்னு எனக்குத் தெரியும். இதைச் சேத்துக்கங்க."

"பதினெட்டு," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பாவு நீட்டாத தெருவில், கல்லடியில், செவலை படுத்திருந்தது. பிறகு அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். படியில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். பத்து நாளைக்கு அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை இப்போது அவருடையது.

"ஏ மூதேவி!" என்று கத்தினார். செவலை எழுந்து நின்றது.